மரம் ஏறும் கருவி வாங்குவதற்கு முன்



கராம்புக் காலம் நெருங்குகிறது. மரம் ஏறுபவர்களுக்குப் பாதுகாப்புக் கருவி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் தொடங்கிய பேச்சு இப்போது பணம் சேர்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. நல்ல விஷயம், அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் எதை வாங்குவது, எப்படி வாங்குவது என்பதில் நாம் அவசரப்படுகிறோம். ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார். சிவப்பு நிறம், பளபளக்கும் அலுமினியம். "இந்த விலைக்கு பத்து செட் எடுக்கலாம்" என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்த இடத்தில் நின்ற பத்துப் பேரில் மரம் ஏறுகிறவர் ஒருவர்கூட இல்லை. நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்று சொல்கிறோம். யட்டிநுவரவில் இருந்து ஹத்தரலியத்த வரைக்கும், கணவாய்க்குக் கீழே மாவனல்லைப் பக்கமும், வீட்டுத் தோட்டம் என்றால் கராம்பு, மிளகு, பாக்கு, பலா, ஈரப்பலா, இரண்டு தென்னை, ஓரத்தில் ஒரு கித்துள். எல்லாமே உயரத்தில் காய்க்கிற சாமான். கித்துள் சீவுகிறவர் ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். தயிரில் பாணியை ஊற்றும்போது நாம் அதை நினைப்பதில்லை. பலா மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வீட்டின் மேல் சாய்ந்த பலாவுக்கு நாம் செய்வது கொப்பு வெட்டுவதுதான். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் வீதியோரத்தில் சரிந்ததையும், அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் செய்ததையும் பார்த்த பிறகு, வீட்டுக்கு மேலே மரம் நிற்கிற எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. கொப்பு வெட்ட ஆள் தேடாத வீடு இல்லை.

அந்த ஆள் யார்? ஒரு கத்தியும், தோளில் ஒரு நைலோன் கயிறும் கொண்டு வருகிறவர். அந்தக் கயிறுகூட வெட்டிய கொப்பைக் கட்டி இறக்கத்தான். தன்னைக் கட்டிக்கொள்ள அல்ல. விழுந்தால் முள்ளந்தண்டு. பிறகு கண்டி ஆஸ்பத்திரி, திகன அல்லது ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் ஒரு கட்டில். வாப்பா கட்டிலில் கிடக்கிற வீட்டில் இருந்து பாடசாலைக்கு வருகிற பிள்ளையை எங்களுக்குத் தெரியும். மூத்த பையன் சாதாரண தரம் எழுதுவதற்கு முன்னமே கடைக்குப் போய்விடுவான். உம்மா சாப்பாடு பார்சல் கட்டத் தொடங்குவார். ஆசிரியர்களுக்கு இதெல்லாம் இடாப்பில் தெரிகிற விஷயம்.

எனவே கருவி வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. எந்த மரத்துக்கு எது என்பதில்தான் கேள்வி.

கொப்பில்லாத மரத்துக்கு ஒரு வகை, கொப்புள்ள மரத்துக்கு இன்னொரு வகை. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிக் காசு வீணாகிறது.

தென்னை, பாக்கு மாதிரி நேராக நிற்கும் மரத்துக்கு கேரளாவில் ஒரு கருவி இருக்கிறது. கண்ணூர் மாவட்டத்தில் செம்பேரி என்ற ஊர்க்காரர் ஜோசப் என்பவர் செய்தது. ஊர்ப் பெயரிலேயே செம்பேரிக் கருவி என்கிறார்கள். இடக்காலுக்கு ஒரு சட்டம், வலக்காலுக்கு ஒரு சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் போகிற ஒரு இரும்புக் கம்பிக் கயிறு. காலை ஊன்றினால் கம்பி இறுகும், தூக்கினால் தளரும். மாடிப்படி ஏறுவது போல ஏறலாம். இந்தியாவின் தென்னை அபிவிருத்திச் சபை 2011 இல் 'தென்னையின் நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கி, ஆறு நாள் பயிற்சி கொடுத்து, பயிற்சி முடித்தவர் கையில் இந்தக் கருவியைக் கொடுத்து, காப்புறுதியும் செய்து அனுப்பியது. பெண்கள்கூட ஏறினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கருவியை மட்டும் கொடுக்கவில்லை என்பது. முதலில் பயிற்சி, பிறகு கருவி, அதோடு காப்புறுதி. இன்னொன்றும் உண்டு. அந்தக் கருவி காலைத் தாங்கியதே தவிர உடம்பைத் தாங்கவில்லை. கால் வழுக்கினால், கை விட்டால், ஆள் பின்பக்கமாக விழுவார். காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பிறகு அதற்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பைச் செய்தது. கருவி ஏற உதவுகிறது என்பதற்காக அது விழாமல் காக்கிறது என்று அர்த்தமில்லை. போனில் பார்க்கும் படங்களில் பாதி, ஏற மட்டுமே உதவும் சாமான்.

நமது பிரச்சினை பெரும்பாலும் தென்னை அல்ல. தேங்காயைத் தடியில் கத்தி கட்டித் தரையில் நின்றே பறிக்கிறோம். விழுகிற மரங்கள் கராம்பும் பலாவும் கித்துளும். கராம்பிலும் பலாவிலும் செம்பேரிக் கருவி முதல் கொப்போடு நின்றுவிடும். கித்துளில் மட்டை தொங்கும் இடத்துக்கு மேலே அதற்கு வழியில்லை. அங்கே தேவை கயிறும், இடுப்பையும் தொடையையும் சேர்த்துத் தாங்குகிற பட்டியும், அந்தப் பட்டியைக் கயிற்றோடு பிடித்து வைக்கிற ஒரு பிடியும்.

அந்தப் பிடியைத்தான் இப்போது எல்லோரும் 'கருவி' என்கிறார்கள். பழைய முறையில் அது ஒரு முடிச்சு. மெல்லிய கயிற்றை பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால், பாரம் விழும்போது இறுகும், கையால் தள்ளினால் நகரும். ஒஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் என்பவர் 1931 இல் இதை எழுதி வைத்தார். உலகம் முழுக்க மரம் ஏறுகிறவர்கள் இன்றைக்கும் அதன் பல வடிவங்களைப் பாவிக்கிறார்கள். பிறகு 1958 இல் சுவிட்சர்லாந்தில் யூசி, மார்ட்டி என்ற இருவர் கையால் பிடித்து ஏறும் ஓர் உலோகப் பிடியைச் செய்தார்கள். இரண்டு பேருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'யூமார்' என்று பெயர் வந்தது. இப்போது முடிச்சைப் போலவே வேலை செய்யும் உலோகச் சங்கிலி வடிவக் கருவிகள் வந்துவிட்டன. ஏறவும் அதிலேயே இறங்கவும் முடியும். வழவழப்பாக ஓடும். கை நோகாது.

முடிச்சா, கருவியா? கருவி புதிது, ஆகவே பாதுகாப்பு என்று நினைப்பது சரியில்லை. முடிச்சுக் கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். நூல் பிரியும், இறங்கும் வேகத்தில் சூடேறி மினுங்கும். புதிய துண்டு வாங்க அவ்வளவு செலவில்லை. உலோகத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும், தெரியாது. 2013 இல் பிரான்ஸின் பெட்ஸல் கொம்பனி, மரம் ஏறுகிறவர்களுக்காகச் செய்த 'சிக்சாக்' என்ற கருவியை எல்லோரும் உடனே பாவிப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தது. சங்கிலித் துண்டுகள் உடைந்ததாக முறைப்பாடு வந்ததுதான் காரணம். பிறகு திருத்தி மீண்டும் சந்தைக்கு விட்டார்கள். இந்தத் துறையில் முதல் வரிசையில் இருக்கிற ஒரு கொம்பனிக்கே அப்படி. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மறைக்காமல் அறிவித்தார்கள் என்பதே அவர்களை நம்பக் காரணம். அந்த அறிவித்தல் யாருக்குப் போய்ச் சேரும்? ரசீதும் தொடர் இலக்கமும் வைத்திருக்கிறவருக்கு. பெயரில்லாத, இலக்கமில்லாத, நாலு கை மாறி வந்த கருவி உடையும் என்று நமக்கு யார் வந்து சொல்வார்கள்?

அதனால் மலிவுப் பிரதிகளை நாங்கள் முழுதாக எதிர்க்கிறோம். பத்துச் செட் வேண்டாம். வாங்கும் சாமானில் செய்தவரின் பெயர், தொடர் இலக்கம், எந்தத் தரத்துக்குச் செய்தது என்ற இலக்கம், எந்த மொத்தத்துக் கயிறுக்கு என்ற அளவு, இவை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டிக்கரில் அல்ல. கூடவே பாவனைக் கையேடு வர வேண்டும். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் சாமானில் சீஈ அடையாளத்துக்குப் பக்கத்தில் பரிசோதனை நிலையத்தின் நான்கு இலக்க எண் இருக்கும். போலிகளும் அதைப் பொறிக்கிறார்கள்தான், ஆனால் கையேடும் இலக்கமும் ரசீதும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது அவர்களுக்குக் கஷ்டம். வேறு யாரோ பாவித்த பட்டியும் கயிறும் இனாமாக வந்தாலும் வேண்டாம். அதற்கு முன் அது என்ன பாரம் தாங்கியது, எந்த வெயிலில் கிடந்தது, பற்றரித் தண்ணீர் பட்டதா என்று எவருக்கும் தெரியாது. நூலால் செய்த எதற்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆயுள் கொடுக்கக் கூடாது. தினமும் பாவித்தால் அதற்கு நிறைய முன்னமே கழிக்க வேண்டி வரும்.

கயிறும் அப்படியே. ஹார்ட்வெயார் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் நீலக் கயிறு மாட்டுக்கும் லொறிக்கும் நல்லது. மனிதருக்கு உள்ளே தண்டும் வெளியே உறையும் உள்ள கயிறு வேண்டும். ஈஎன் 1891 என்ற தரத்தில் ஏ வகை என்றால் குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 2200 கிலோ. "எண்பது கிலோ மனிசனுக்கு எதுக்கு சேர் இவ்வளவு?" என்று ஒரு மாணவன் கேட்டான். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு பலம் இழக்கும். மரப்பட்டையில் உரசி இழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்து நிற்கிற அந்த ஒரு நொடியில் உடம்பு எண்பது கிலோவாக இருக்காது. சும்மா தொங்குவது வேறு, ஒரு மீற்றர் விழுந்து தொங்குவது வேறு. இந்தக் கயிறு இழுபடாது, ஆகவே ஏறும்போது கயிற்றில் தொய்வு விடவே கூடாது. பல் வைத்த யூமார் மாதிரிப் பிடிகளில் இது இன்னும் கடுமை. திடீரென்று இழுபட்டால் அந்தப் பற்களே உறையைக் கிழிக்கும். அதை மட்டும் நம்பித் தொங்கக் கூடாது.

இனி நமது ஊர்க் காரியங்கள் சில. கையேடு எழுதியவர்களுக்கு இவை தெரியாது.

பலாப் பால். கொப்பு வெட்டும்போது அது கயிற்றிலும் கருவியிலும் படும். ஒட்டினால் கருவி பிடிக்க வேண்டிய நேரத்தில் நகராது, நகர வேண்டிய நேரத்தில் பிடிக்கும். பலாப்பால் பட்டால் நம் உம்மாமார் கைக்குப் பூசுவது தேங்காயெண்ணெய். அந்தப் பழக்கத்தில் கருவிக்கும் கயிற்றுக்கும் எண்ணெய் பூசினால் அவ்வளவுதான், பிடி வழுக்கும். மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய சவர்க்காரமும், நிழலில் காய வைப்பதும்தான். போகவில்லை என்றால் அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும்.

அடுத்தது கராம்புக் கொப்பு. கராம்பு பார்க்கத் தடிப்பாக இருக்கும், சட்டென்று முறியும். எவ்வளவு விலையான கருவியானாலும் அது தொங்குவது ஒரு கொப்பில். கயிற்றைத் தண்டோடு ஒட்டிய கவட்டில் போட்டு, ஏறுவதற்கு முன் கீழே இருந்து இரண்டு பேர் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்க்க வேண்டும். நம்புவதற்கு முன் பரிசோதிப்பது என்றால் இதுதான். ஒவ்வொரு மரத்திலும் முதலில் தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மூன்றாவது மன்னாக் கத்தி. மேலே நின்று கொப்பை வெட்டுகிறவர் தன் கயிற்றையே வெட்டிக்கொள்வது நடக்கக்கூடிய விஷயம். எந்தக் கருவியும் இதற்குப் பதில் சொல்லாது. வெட்டத் தொடங்குவதற்கு முன் இரண்டாவது இடத்தில், தண்டைச் சுற்றி இன்னொரு கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி வைத்த இடுப்புக் கயிறு இதற்கென்றே விற்கிறார்கள். கருவிக்குச் செலவழிக்கும் காசை இதற்குச் செலவழித்தால் கூடுதல் நன்மை என்பது எங்கள் எண்ணம்.

இப்போது மரம் ஏறுகிறவர்கள் சொல்வதைக் கேட்போம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதால் நாங்கள் சிலரிடம் கேட்டோம். சிங்களவர், தமிழர், நம்மவர் எல்லோரும்தான் நமது தோட்டங்களில் ஏறுகிறார்கள். ஒரு நானா சொன்னார்: "சேர், நாப்பது வருசமா ஏறுறன். கயிறு போடுற நேரத்தில நான் ரெண்டு மரம் ஏறி இறங்கிடுவன். கிலோவுக்குத்தானே காசு தாராங்க." அவர் கருவியைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசுகிறார். கராம்பு ஆய்கிறவருக்கு நாம் ஆய்ந்த கிலோவுக்குக் கொடுக்கிறோம். கயிறு அவருடைய வேகத்தைக் குறைக்கும், குறைந்த வேகத்தின் நட்டம் அவருடைய தலையில். அப்படி இருக்கும்போது நாம் கொடுக்கும் கருவி அவருடைய வீட்டில் ஆணியில்தான் தொங்கும். தோட்டச் சொந்தக்காரர்கள் கயிறு கட்டி ஏறுகிறவருக்கு நாட்கூலி கொடுக்க முடிவு செய்யாவிட்டால் பணம் சேர்ப்பதையே நிறுத்திவிடலாம். இதை வாசிக்கிற சிலருக்குக் கோபம் வரும். அந்தச் சிலரில் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "எல்லாம் கத்ர், எழுதினது நடக்கும், கயிறு என்ன செய்யும்?" கத்ரை நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னது திர்மிதியில் வருகிறது. அங்கேயும் விஷயம் கயிறுதான். தவக்குல் பேசுகிறவர்கள் வாகனத்துக்குக் காப்புறுதியும் வீட்டுக் கேற்றுக்கு இரண்டு பூட்டும் போட்டிருப்பதையும் பார்க்கிறோம். கூலிக்கு ஏறுகிறவரின் முள்ளந்தண்டுக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்க முடியாது.

எங்கள் யோசனை இது. இரண்டு முழுச் செட் மட்டும் வாங்குவோம். இரண்டு நல்ல பட்டி, இரண்டு கயிறு, இரண்டு கம்பி உள்ள இடுப்புக் கயிறு, தலைக்கவசம், பூட்டுள்ள கரபினர்கள், முடிச்சுக்கான துண்டுக் கயிறுகள். முதல் ஆறு மாதம் முடிச்சிலேயே பழகட்டும். அதன் பிறகு, ஏறுகிறவர்களே கேட்டால், அவர்களே தெரிவு செய்யும் ஓர் உலோகக் கருவியை வாங்கலாம். நல்லது ஒன்று வரியும் கூலியும் சேர்த்தால் இலட்சத்தைத் தொடும் என்பதால் அதில் அவசரம் வேண்டாம். முடிச்சில் இறங்கத் தெரிந்தவருக்குத்தான் கருவி சிக்கினால் என்ன செய்வது என்று தெரியும். மிச்சக் காசு பயிற்சிக்கு. கயிற்றில் வேலை செய்யும் ஆட்கள் நாட்டில் இருக்கிறார்கள். கோபுரங்களில் ஏறுகிறவர்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு வெளியே தொங்கி வேலை செய்கிறவர்கள், மீட்புப் படையினர். தேடினால் கிடைப்பார்கள்.

அதோடு ஒரு கொப்பி. சாதாரண சீஆர் கொப்பி போதும். ஒவ்வொரு சாமானின் இலக்கம், வாங்கிய திகதி, யார் எடுத்தார், எந்த மரம், திரும்பி வரும்போது யார் பார்த்தார். வருடத்துக்கு ஒரு முறையாவது விஷயம் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். கொப்பியை எழுத நாங்கள் தயார். பார்த்தவர் பெயர் எழுதாமல் எந்தக் கயிறும் அலுமாரியை விட்டுப் போகக் கூடாது.

தனியாக ஏறுவதையும் நிறுத்த வேண்டும். பட்டியில் மயங்கித் தொங்குகிறவருக்குத் தரையில் மயங்கிக் கிடப்பவரைவிட அவகாசம் குறைவு. காலில் இரத்தம் தேங்கும், சில நிமிடங்களில் நிலைமை மோசமாகும். தீயணைப்பு வாகனம் கண்டியில் இருந்து வரும்வரை காத்திருக்க முடியாது, அதுவும் பிலிமத்தலாவையில் வாகன நெரிசல் நேரத்தில். ஆகவே இரண்டாவது செட் இரண்டாவது மரத்துக்கு அல்ல. அது கீழே நிற்கிறவருடைய உடம்பில் இருக்க வேண்டும், மேலே போய் இறக்க. செட் இரண்டு வேண்டும், மரம் ஒன்றுதான் என்று நாங்கள் அடம்பிடிப்பது அதனால்தான்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு இது பற்றிப் பேச இருக்கிறோம். தோட்டச் சொந்தக்காரர்கள் வாருங்கள். உங்கள் தோட்டத்தில் ஏறுகிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, முன் கதிரை அவருக்கு. வீட்டில் கிடக்கிற பழைய நைலோன் கயிறுகளையும் கொண்டு வாருங்கள். சிறு துண்டுகளாக வெட்டி, ஆடு வளர்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.